பத்திரமான மிருகம்தான் பைக்குள் போகும்

சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் பயமுறுத்தும் தொழில் என்னுடையது. உலகம் சூடாகிக்கொண்டு வருகிறது, மழை முறை தவறிப் பெய்கிறது, ஏரி வற்றுகிறது, கடல் ஏறுகிறது என்பதையெல்லாம் காட்டு மிருகங்களை வைத்துக் கதையாகச் சொல்ல வேண்டும். கேட்பவர்களுக்கு நாலைந்து வயது. பாதிப் பேருக்கு மூக்கைச் சிந்தத் தெரியாது. கதை முடியும்போது அவர்களுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும், ஆனால் ஒருவரும் அழுதிருக்கக் கூடாது. பெரியவர்கள் மாநாடு போட்டுப் பேசியும் புரியாத விஷயத்தை, இண்டர்வெல் மணி அடிப்பதற்குள் நான் புரியவைத்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

இதற்கு முன்னால் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. எது எங்கே உடையும் என்று தேடிப் பார்ப்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். அப்புறம் எங்கள் குழுவையே கலைத்துவிட்டார்கள். அந்த உடைசலை மட்டும் நான் கண்டுபிடிக்கவில்லை. என் மனைவி தைத்துக் கொடுத்த துணி மிருகங்களையும், ஒரு பெரிய காடாத் துணிப் பையையும் வண்டியில் வைத்துக்கொண்டு தாம்பரத்தைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களில் கதை சொல்ல இறங்கினேன். பிள்ளைகள் என்னைக் கதை சார் என்பார்கள்.

ராத்திரி பிள்ளையைத் தூங்க வைக்கக் கதை ஆரம்பித்து, அது தூங்காமல் எழுந்து உட்கார்ந்து உங்களைக் குறுக்கு விசாரணை செய்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நாம் ஒரே கட்சி. அந்த உரிமையில்தான் இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன்.

விமானம் போகும்வரை

பொழிச்சலூரில் கதை சொல்வதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். விமானங்கள் கூரையைத் தொட்டுவிடுவதுபோல் தாழப் போகும். அந்தச் சத்தம் அடங்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அங்கே வேலை பார்க்கும் டீச்சர்கள் பாடத்தைப் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, விமானம் போனதும் மீதி வாக்கியத்தைத் தொடர்வார்கள். நான் ஊருக்குப் புதிது இல்லை, தொழிலுக்குப் புதிது. பனிக்கரடிக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். குட்டிக் கரடி நின்றிருந்த பனிக்கட்டி வெடித்தது. குட்டி சறுக்கிக் கடலில் விழுந்தது. சரியாக அந்த இடத்தில் ஒரு விமானம் வந்தது.

நாங்கள் எல்லோரும் சும்மா நின்றோம். பிள்ளைகள் என் கையில் இருந்த கரடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விமானம் போனது, உடனே மணி அடித்தது, டிபன் பாக்ஸ் எடுக்க வரிசை போட்டுவிட்டார்கள். நான் கரடியைப் பைக்குள் திணித்துக்கொண்டு அடுத்த பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அடுத்த வாரம் போனபோது வகுப்பு டீச்சர் ஸ்டெல்லா மிஸ் என்னை வராந்தாவிலேயே நிறுத்தினார். குட்டிக் கரடி கரைக்கு வந்துவிட்டதா என்று பிள்ளைகள் தினமும் காலையில் ஜெபம் முடிந்ததும் அவரைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பையன் பாத்ரூமில் இருக்கும் வாளித் தண்ணீரைப் பார்த்துவிட்டு உள்ளே போக மாட்டேன் என்று டிரவுசரை நனைத்துக்கொண்டு நின்றானாம். ஸ்டெல்லா மிஸ் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சார், நீங்க பதினோரு மணிக்குப் பைய எடுத்துக்கிட்டுப் போயிடுறீங்க. கரடி எங்ககூடவே தண்ணிக்குள்ள இருக்கு."

ஓயாமல் ஓடுவது எது

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தேன். மிருகம் பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பைக்குள் போகும். கதை முடிந்ததும் பிள்ளைகளே அதைத் தட்டிக் கொடுத்து உள்ளே படுக்க வைப்பார்கள். அதுவரை அது வெளியில்தான் இருக்கும். ஆபத்தில் இருக்கும் மிருகத்தை எந்த அவசரத்திலும் உள்ளே திணிக்க மாட்டேன். பிள்ளைகள் இந்த விதியை என்னைவிடக் கறாராகப் பிடித்துக்கொண்டார்கள். கூடவே இன்னொன்றும் புரிந்தது. பயத்தைக் கொடுத்து அனுப்பினால், செய்வதற்கு ஒரு வேலையையும் சேர்த்துக் கொடுத்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பயம் புத்தகப் பையிலேயே தங்கிவிடும்.

மாடம்பாக்கத்தில் கடலாமைக் கதை. மணல் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டதால் ஆமை முட்டைகளுக்கு ஆபத்து. மணல் ஏன் சூடாச்சு என்று கேட்டார்கள். கரண்ட் தயாரிக்க நிலக்கரியை எரித்துக்கொண்டே இருக்கிறோம், அந்தப் புகை பூமிக்குக் கம்பளி போர்த்தியது மாதிரி மூடிக்கொள்கிறது என்றேன். வீட்டில் ஓயாமல் ஓடுவது எது என்று பாருங்கள், தேவையில்லை என்றால் அணையுங்கள், ஆமை பிழைத்துவிடும் என்றேன். ஆமை பைக்குள் படுத்தது. நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஒரு பெரியவர் போன் செய்தார். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், என் வகுப்புத் தருணின் தாத்தா. தருண் வீட்டில் அறை அறையாகப் போய்ப் பார்த்திருக்கிறான். லைட், ஃபேன், டிவி எல்லாம் அவ்வப்போது நிற்கின்றன. ஃப்ரிட்ஜ் மட்டும் ராப்பகலாக முனகிக்கொண்டே இருக்கிறது. எல்லோரும் தூங்கப் போனதும் ஸ்டூல் போட்டு ஏறி அதை அணைத்துவிட்டான். பங்குனி வெயில். உள்ளே தாத்தாவின் இன்சுலின். காலையில் ஊசி போடத் திறந்தவர் வெண்ணெய் உருகி ஓடியிருப்பதைப் பார்த்துத்தான் சுதாரித்திருக்கிறார். மெடிக்கல் ஷாப் திறக்கும்வரை ஒன்றும் சாப்பிடாமல் வாசலிலேயே காத்திருந்திருக்கிறார். ராத்திரி முழுக்கச் சூட்டில் கிடந்த மருந்தை அவர் பார்க்காமல் போட்டுக்கொண்டிருந்தால்? இப்போது எப்படி இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

"சுகரெல்லாம் நார்மல்தான் சார். அடுத்த வாரம் எந்த மிருகம்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க, நான் ரெடியா இருந்துக்கறேன்."

ஜெரூஷாவின் கை

முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். அங்கே யூகேஜியில் ஜெரூஷா என்று ஒரு பெண். இறுக்கிப் போட்ட ரெட்டைப் பின்னல், மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் மிருகத்தைப் பைக்குள் படுக்க வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். இவள் மட்டும் நிற்பாள். கையைத் தோள் வரைக்கும் பைக்குள் விட்டுத் துழாவி, மிருகம் உள்ளே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் பையின் வாயைக் கட்ட விடுவாள். டெஸ்டிங் வேலையில் நான் பார்த்த ஆட்கள் யாரும் இவள் அளவுக்குச் சந்தேகப்பட்டதில்லை.

அவள் அம்மா பெனிட்டா ஒரு கிளினிக்கில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். அப்பா சிறுசேரி கம்பெனிகளுக்கு கேப் ஓட்டுகிறார். ஆற்றை ஒட்டிய தெருவில், தரைத்தளத்தில் வாடகை வீடு. போன மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம். அன்றிலிருந்து வானம் கறுத்தாலே ஜெரூஷா தன் ஷூவை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிடுவாளாம். மகளைக் கூப்பிட வந்த இடத்தில் பெனிட்டா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பிள்ளைக்கு நான் புதிதாகப் பயத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை, அது ஏற்கெனவே கட்டில்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றியது.

அன்றைக்குக் கொக்குக் கதை. ஏரி வற்றிப்போய், தண்ணீரைத் தேடி அலைகிற கொக்கு. பிள்ளைகளுக்குக் கொக்கு நடை பழக்கினேன். ஒரு காலை மெதுவாகத் தூக்கி, சத்தம் வராமல் வைத்து, சிலை மாதிரி நின்று, அப்புறம் அடுத்த கால். சத்தம் கேட்டால் மீன் ஓடிவிடும். முன்னால் நடந்தார்கள், பின்னால் நடந்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஜெரூஷா மட்டும் நிஜக் கொக்காகவே நடந்தாள். கடைசியில் கொக்குக்கு வேறோர் ஏரி கிடைத்தது, பைக்குள் படுத்தது. வழக்கம்போல் அவள் கை உள்ளே போனது. நான் நாடாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இருக்கு சார். கட்டுங்க."

யாரும் நனைய வேண்டாம்

அதே பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பிரின்சிபால் மேடம் என்னையும் வரச் சொல்லியிருந்தார். போனதும் தெரிந்துவிட்டது, குற்றவாளிக் கூண்டு எனக்குத்தான். ஒரு அப்பா எழுந்தார். பெரிய அடுக்குமாடியில் இருப்பவர், ஐடியில் மேனேஜர். வெள்ளக் கதை ஒன்றைக் கேட்டுவிட்டு வந்த மகன், நம் பேஸ்மெண்டில் தண்ணீர் வந்தால் கார் எங்கே போகும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறானாம். அவனுக்குப் பதில் சொல்ல முடியவில்லையாம். குழந்தைகளுக்கு எல்லாவற்றையும் பாசிட்டிவாகச் சொல்ல வேண்டும் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பையன் நல்ல கேள்விதானே கேட்டிருக்கிறான், அதை பில்டரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

பிரின்சிபால் மேடம் மேஜையில் பேனாவைத் தட்டினார். அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் பார்க்கிறேன், பிள்ளை பயந்துவிட்டது என்று இன்னொரு புகார் வந்தால் கதை வகுப்பே கிடையாது என்றார். பெனிட்டா கடைசி வரிசையில் இருந்தார். என் பக்கமே திரும்பவில்லை. கூட்டம் முடிந்து படி இறங்கும்போது அந்த மேனேஜர் அப்பா என் தோளில் கை போட்டார். மோசமான மனிதர் இல்லை, அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நான் க்ளைமேட் சேஞ்சுக்கு எதிரி இல்ல சார். கதையில வெள்ளம் வரட்டும். யாரும் நனைய வேணாம், அவ்ளோதான்."

அலமாரிக்கு மேலே

கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்டது. நான் போன அன்று பகலிலேயே லைட் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒட்டகக் கதை தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அந்த வானத்தை வைத்துக்கொண்டு ஒட்டகத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. பைக்குள் கை விட்டுச் சாரைப்பாம்பை எடுத்தேன். பெயர் சாரு.

சாரு ஏரிக்கரைப் பொந்தில் இருக்கிறாள். முன்னெல்லாம் மழை கொஞ்சம் கொஞ்சமாக வரும், சாரு மேலே ஏறிக்கொள்ள நேரம் இருக்கும். இப்போது மாசக் கணக்கில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டுகிறது. பொந்தெல்லாம் தண்ணீர். சாரு நீந்தி நீந்தி ஒரு வீட்டு வாசலுக்கு வருகிறாள். உள்ளே ஆட்கள் கம்பை எடுக்கிறார்கள். சாரு தலையைத் தூக்கி, "எனக்குக் கொஞ்சம் இடம் தருவீங்களா?" என்று கேட்கிறாள். ஸ்பீக்கரில் பிரின்சிபால் குரல் வந்தது அப்போதுதான். மழை காரணமாகப் பள்ளிக்கு விடுமுறை, பெற்றோருக்குத் தகவல் போய்விட்டது, பிள்ளைகளைத் தயார் செய்யுங்கள்.

அவ்வளவுதான். ரெயின்கோட், குடை, ஷூ என்று வகுப்பு சந்தை ஆகிவிட்டது. கதையை ஒரே மூச்சில் முடித்துவிடப் பார்த்தேன், யார் காதிலும் விழவில்லை. பாம்பைப் பைக்குள் வைக்கப் போனபோது மட்டும் எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டது. கூடாது என்று ஒரே கூச்சல். விதி விதிதான். ஏறி நின்று அதை அலமாரிக்கு மேலே வைத்தேன். நாளைக்கு முடித்துவிடலாம் என்றேன். பெனிட்டா வந்து ஜெரூஷாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவள் கழுத்தைத் திருப்பி அலமாரியையே பார்த்துக்கொண்டு போனாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. சாரு இல்லாத பையோடு வாசலுக்கு வந்தேன். வகுப்பறையைப் பூட்ட வந்த ஆயாம்மா கன்னியம்மாவும் கதவோரம் நின்று கதை கேட்டிருக்கிறார் போலிருக்கிறது.

"இன்னா சார், அத்த மட்டும் வெளிய வுட்டுட்டுப் போறியே. தண்ணி உள்ள வந்தா அது எங்க சார் போவும்?"

போனில் முடிந்த கதை

நாளை வரவே இல்லை. லீவுக்குமேல் லீவு. சேலையூரில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் என்றால், ஆற்றுப் பக்கம் எப்படி இருக்கும் என்று நினைக்கவே கஷ்டமாக இருந்தது. ஒரு மத்தியானம் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. பெனிட்டா. கிசுகிசு என்று பேசினார். வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது. கணவர் சிறுசேரியில் மாட்டிக்கொண்டார். மேலே ஹவுஸ் ஓனர் வீட்டுக்குப் போகப் பெனிட்டா துணிகளை எடுத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் வைத்திருக்கும் சந்தில் ஜெரூஷா நிற்பதைப் பார்த்திருக்கிறார். மெஷின் மூடிமேல் ஒரு பாம்பு சுருண்டிருக்கிறது. நிஜப் பாம்பு. பிள்ளை தன் ஸ்கூல் பையைக் காலி செய்து, பையின் வாயைத் திறந்து, பாம்பின் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

இழுத்துக்கொண்டு ஓடுங்கள் என்றேன். ஒரு அடி வைத்தாலே பாம்பு தலையைத் தூக்குகிறது, பிள்ளை வராதே என்கிறாள் என்றார். எப்படி இருக்கிறது பாம்பு என்று கேட்டேன். பழுப்பாக, மேலே ஏதோ புள்ளி மாதிரி, இருட்டில் சரியாகத் தெரியவில்லை. சாரைக்குப் புள்ளி கிடையாது. தண்ணீர்ப் பாம்புக்கு உண்டு, அது ஒன்றும் செய்யாது. கண்ணாடிவிரியனுக்கும் உண்டு. கதைக்காகப் படித்ததில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போனில் ஜெரூஷாவின் குரல் கேட்டது. கதை சார் லைனில் வந்துவிட்டாரா என்று கேட்டாள். அவள் சொல்லித்தான் அம்மா என்னைக் கூப்பிட்டிருக்கிறார். கதையை நான்தானே முடிக்க வேண்டும். ஸ்பீக்கரில் போட்டார்.

பையைக் கீழே போட்டுவிட்டு அம்மாவிடம் வா கண்ணு என்றேன். "சாரு இன்னும் உள்ள போகலையே சார். பத்திரமாப் போனாதான விடணும், நீங்கதான சொன்னீங்க" என்றாள். அந்தப் பிள்ளைமேல் ஒரு தப்பும் இல்லை. நான் எழுதின விதி, நான் சொன்னபடியே, ஒரு பிழையும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. அது உடையக்கூடிய இடத்தை மட்டும் நான் சோதித்துப் பார்க்கவில்லை.

பாம்பு கடிக்கும், செத்துப்போவாய் என்று கத்தலாம். அவள் திடுக்கிட்டு அசைந்தால் அந்தப் பை அதன் முகத்தில் போய் இடிக்கும். அதனால் கதைக் குரலை எங்கிருந்தோ தேடிப் பிடித்தேன். "ஜெரூஷா, சாரு நம்மகிட்ட என்ன கேட்டா? இடம் கேட்டா. பை கேக்கல. கிட்ட யாருமே இல்லாம இருக்கணும், அதுதான் அவளுக்கு இடம். நாம தள்ளிப் போயிட்டா அவளே வழி பாத்துப் போயிடுவா. அங்க முடியுது கதை." அவள் யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அப்புறம், "அப்ப நான் என்ன பண்ணணும்?" என்றாள். "கொக்கு நடை. பின்னாடி. பாம்புக்குச் சத்தமே கேக்கக் கூடாது."

போனில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது. மெல்ல ஒரு சளக். நீண்ட அமைதி. இன்னொரு சளக். அவள் நின்ற இடத்துக்கும் அம்மாவுக்கும் எவ்வளவு தூரம் என்று நான் கேட்டிருக்கவில்லை. என் மனைவி பக்கத்தில் வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திடீரென்று பெனிட்டா அலறினார், ஏதோ விழுந்தது, லைன் அறுந்துபோனது. திருப்பிப் போட்டேன், போகவில்லை. மறுபடி போட்டேன். எந்தச் சாமியையும் அவ்வளவு கூப்பிட்டதில்லை. தெருவில் இறங்கி ஓடலாம் என்றால் முழங்கால் தண்ணீரில் எங்கே ஓடுவது. கடைசியில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. ஹவுஸ் ஓனருடைய போன், பேசியது பெனிட்டா. கைக்கு எட்டியதும் பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடியிருக்கிறார், போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. ஒரு கீறல் இல்லை. மாடியிலிருந்து ஆட்கள் கம்போடு இறங்கிப் பார்த்தபோது மெஷின் மூடி காலியாக இருந்ததாம், ஸ்கூல் பை தண்ணீரில் மிதந்ததாம். அது என்ன பாம்பு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நான் மன்னிப்பா நன்றியா என்று தெரியாமல் ஏதோ உளற ஆரம்பித்தேன். அவர் இடைமறித்தார்.

"சார், உங்க கதையில எல்லா மிருகமும் பேசுது. நிஜத்துல பேசாதுன்னும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

மீண்டும் அலமாரி

பள்ளிக்கூடம் திறந்தார்கள். விஷயம் தெருவுக்கே தெரிந்திருந்தது. வேலை போச்சு என்ற முடிவோடுதான் போனேன். பிரின்சிபால் மேடம் உட்காரச் சொல்லவில்லை. ஜெரூஷா அம்மா புகார் எதுவும் கொடுக்கவில்லை, உங்களை ஒரு வகுப்பு எடுக்க வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார் என்றார். சொல்லிவிட்டு, தானும் எழுந்து என் பின்னாலேயே வந்து, யூகேஜியில் கடைசியில் போட்டிருந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அலமாரிக்கு மேலே சாரு அப்படியே இருந்தாள், லேசாகப் பூஞ்சை வாசம். அவளைப் பார்த்ததும் ஜெரூஷாவின் முகம் மாறியது. சாரு இங்கே இருந்தால் வீட்டுக்கு வந்தது யார் என்று கேட்டாள். அது வேறு பாம்பு, நிஜப் பாம்பு, அதற்குப் பேசத் தெரியாது, நாம் பேசுவதும் அதற்குப் புரியாது, கிட்டே போனால் பயத்தில் கடித்துவிடும் என்றேன். ஒரு பையனுக்கு உதடு பிதுங்கியது. நான் ஓரக்கண்ணால் பிரின்சிபாலைப் பார்த்தேன். அவர் பேனாவைத் தட்டவில்லை. எல்லோரையும் எழுந்திருக்கச் சொல்லி, கொக்கு நடையில் பின்னாலேயே சுவர் வரைக்கும் நடந்து, சுவரில் முதுகு பட்டதும் பெரியவர்களைக் கூப்பிடப் பழக்கினேன். யாரும் யார்மேலும் விழவில்லை.

அப்புறம் மீதிக் கதை. வீட்டுக்காரர்கள் கம்பைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளி நின்றார்கள், சாரு பின்பக்கமாக வழி பார்த்துப் போனாள், கரைமேல் ஒரு வேப்பமரத்துப் பொந்து கிடைத்தது. பிள்ளைகள் அவளைத் தட்டிக் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். ஜெரூஷாவின் கை தோள் வரைக்கும் பைக்குள் போனது. நான் நாடாவைப் பிடித்துக்கொண்டு, கட்டுங்க என்ற அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவள் கையை வெளியில் எடுக்கவில்லை. அவர்கள் வீட்டில் இன்னும் சேறு அள்ளி முடியவில்லை. பம்மலில் பெரியம்மா வீட்டில் ஒரே அறையில் எல்லோரும் இருக்கிறார்கள். வங்கக் கடலில் இன்னொரு தாழ்வு மண்டலம் உருவாகிறது என்று காலையில்தான் செய்தியில் சொன்னார்கள். ஜன்னலுக்கு வெளியே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. அவள் அதைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சாரு பத்திரமா இருக்கா சார். நாங்க எப்ப பைக்குள்ள போவோம்?"

காலநிலை மாற்றத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் சொல்வது இதுதான்: அவர்களுக்கு எப்போதோ புரிந்துவிட்டது, இனி நமக்குத்தான் பெரிய பையாக ஒன்று தைக்கிற வேலை பாக்கி இருக்கிறது.